மகளின் எம்எம்ஐ: பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். சிங்கப்பூர் வந்து இரண்டு வருடம், பொங்கோலில் வாடகை வீடு, மகள் அனைத்துலகப் பள்ளியில் ஐபி (நம் பிளஸ் டூ மாதிரி) கடைசி வருடம், மருத்துவம்தான் வேண்டும் என்கிறாள். மருத்துவப் படிப்புக்கான நேர்காணல் எம்எம்ஐ முறையில் (ஒரே நேர்காணலுக்குப் பதில் பல குட்டி நேர்காணல்கள்) இருக்கும் என்று தெரிந்ததும் ஒரு பயிற்சி வகுப்பு 'உண்மையான கேள்விகள்' தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா, அவள் பேசும் மதுரை ஆங்கிலம் குறையாகப் போகுமா? இந்த இரண்டும்தானே?

கட்ட வேண்டாம். மதுரை ஆங்கிலத்தாலும் கெட்டுப்போகாது.

நான் கட்டினேன், அதனால் சொல்கிறேன். இரண்டு சனிக்கிழமை வகுப்புக்கு 900 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: நோயாளியின் விருப்பம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. நல்ல கொள்கைகள்தான். ஆனால் அதற்கப்புறம் என் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் இந்த நாலையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். 'தம்பி உன் சாக்லேட்டை எடுத்துத் தின்றுவிட்டான், என்ன செய்வாய்?' என்றால் அதற்கும் நீதி, நன்மை! 'உண்மையான கேள்விகள்' கதையையும் நம்பாதீர்கள். கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் என் மகள். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இன்றுவரை பெற்ற தாயிடம் மூச்சு விடவில்லை. எனவே நான் கீழே எழுதுவதெல்லாம் வீட்டில் நாங்களே செய்த பயிற்சி.

முறை இதுதான். பொதுவாக ஆறு முதல் பத்து ஸ்டேஷன்கள், அதாவது தனித்தனி அறைகள், ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு நிமிடம். முதலில் ஒரு சூழ்நிலையைப் படிக்கக் கொஞ்சம் நேரம் கொடுப்பார்கள். மணி அடித்ததும் பேச வேண்டும், அடுத்த மணிக்கு எழுந்துவிட வேண்டும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது, 2004-ல் அவர்களே கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே குழு அரை மணி நேரம் பார்த்து முடிவெடுத்தால் முதல் பார்வையிலேயே பிடித்துப்போவதும் பிடிக்காமல் போவதும் நடக்கும். பல பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் அது குறையும். இங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் எம்எம்ஐ. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் பெயர் வேறு, சூழ்நிலைத் தேர்வும் கூட உண்டு. ஆனால் தயாராகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நீட் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. 720 மதிப்பெண், தப்பானால் கழிவு, நேர்காணலே கிடையாது. அதனால் பிள்ளைகள் 'சரியான பதில்' எது என்று தேடுகிறார்கள். எம்எம்ஐ-யில் அவள் யோசிப்பது வெளியே கேட்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் இன்னொன்றும் பார்த்தேன்: எதிரே இருக்கும் பெரியவர் கொஞ்சம் மடக்கிக் கேட்டால் உடனே 'ஆமாம் சார், நீங்கள் சொல்வதுதான் சரி' என்று கவிழ்ந்துவிடுவது. மரியாதை என்று நாம் வளர்த்தது. அவர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பேசுகிறார் என்பதை வீட்டிலேயே பழக்குங்கள். சாப்பாட்டு மேசையில் உங்களையே எதிர்த்துப் பேச விடுங்கள். உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எதைப் பேசலாம்? ஊர் விஷயமே நிறையக் கிடக்கிறது. நிரந்தரவாசத்துக்கு மனுப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிடைத்தால் இங்குள்ள உறுப்பு மாற்றுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 1987-ல் வந்த சட்டம். 21 வயதான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய, இறந்தபின் சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி எடுக்கச் சம்மதம் என்றே அது எடுத்துக்கொள்ளும். விலகிக்கொண்டவருக்கே பின்னாளில் உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் முன்னுரிமை குறையும். இது நியாயமா? நாங்கள் ஒரு வாரம் சண்டை போட்டோம். என் கணவர் 'கொடுக்காதவன் எதற்குக் கேட்கிறான்' என்றார். மகள் முதலில் தலையாட்டினாள், அப்புறம் 'சாகக் கிடக்கிறவனிடம் பழைய கணக்கைக் காட்டுவாரா டாக்டர்?' என்று கேட்டாள். முடிவு வரவில்லை. அந்த ஒரு வாரத்துக்கு அந்த 900 வெள்ளி ஈடாகாது. இதேபோல் பானங்களில் ஒட்டியிருக்கும், சர்க்கரை, கொழுப்பு அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்துகள் இருக்கின்றன, 2022 கடைசியில் வந்தவை. டி வாங்கிய பானத்துக்கு விளம்பரம் கூடாது. சர்க்கரை நோயைக் குறைக்க அரசு எவ்வளவு தூரம் போகலாம் என்று காப்பிக்கடையில் தே கோசோங் (சர்க்கரை இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டே பேசலாம்.

நடிப்பு ஸ்டேஷன்தான் பெரிய பாடு. கெட்ட செய்தி சொல்வது, கோபக்காரரைச் சமாளிப்பது போன்றவை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு சீன அங்கிள், ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், மாத்தா பூத்தே என்ற சின்னப் பாட்டுப் பறவை வளர்க்கிறார். அவரிடமே கேட்டேன், சம்மதித்தார். கதை: அவர் ஜொகூர் போய்வந்திருக்கிறார், அவர் பறவையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பெண் (அது என் மகள் வேடம்) கூண்டைத் திறந்து வைத்துவிட்டாள், பறவை போய்விட்டது. கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்தோம். (முதல் நாள் வீட்டில் குக்கர் விசிலை மணியாக வைத்துப் பார்த்தேன். குக்கருக்கு ஐந்து நிமிடக் கணக்கெல்லாம் தெரியாது.)

முதல் ஞாயிறு, மகள் பயணம் எப்படி, சாப்பிட்டீர்களா என்று இரண்டு நிமிடம் ஓட்டினாள். பிறகு செய்தியைச் சொல்லி, 'உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது' என்று மூன்று தடவை. அங்கிள் கையை ஆட்டிவிட்டு, 'உனக்கு எப்படிப் புரியும் லா, நீ பறவை வளர்த்ததுண்டா?' என்றார். வாயடைத்துப் போனாள். மூன்றாவது ஞாயிறு, உட்கார்ந்ததுமே, 'அங்கிள், ஒரு கெட்ட செய்தி. உங்கள் பறவை பறந்துவிட்டது. கூண்டைத் திறந்து வைத்தது நான்தான்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். பறவை பக்கத்துக் கூண்டில்தான் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அதைத் திரும்பிப் பார்த்த அங்கிள் முகம் மாறிவிட்டது. மெதுவாக, 'எப்போ போச்சு?' என்றார். அதற்கப்புறம்தான் இருவரும் உண்மையில் பேசினார்கள்.

ஒரு ஸ்டேஷன் சொதப்பினால் கதவை மூடிவிட்டு நகரப் பழக்குங்கள். அடுத்த அறையில் இருப்பவருக்கு முந்தைய அறையில் நடந்தது தெரியாது. எங்கள் பயிற்சியில் இரண்டாவதில் தடுமாறினால் நாலாவது வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். அங்கேதான் அதிகம் இழந்தாள்.

ஆங்கிலம்: உச்சரிப்பை விடுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் நாம் பாதி வாக்கியத்தில் அடுத்ததுக்குத் தாவுவோம். அதுதான் கேட்பவருக்குப் புரியாது.

இரண்டு சில்லறை விஷயம். யூகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், சேரும் வருடத்துக்கு முந்தைய வருடமே. என் மகள் எழுதிய பிமேட் என்ற பழைய நுழைவுத் தேர்வு 2023-உடன் நின்றுவிட்டது. கல்விக் கட்டண மானியம் வாங்கினால் குடிமக்கள் 5 ஆண்டு, மற்றவர்கள் 6 ஆண்டு இங்கே வேலை செய்ய வேண்டும். பின்னால் இந்தியா திரும்பி மருத்துவம் பார்க்கும் எண்ணம் இருந்தால் நீட் தகுதியும் தேவை, விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் செங்காங்தான், பொங்கோலிலிருந்து எம்ஆர்டி ரயிலில் அடுத்த நிலையம். அங்கிளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். 'இன்னொரு பெண்ணா, சரி, ஆனால் இந்த முறை பறவை பறந்துபோகக்கூடாது' என்றார். ஞாயிறு நாலு மணிக்குமேல் கல்மேசையில்தான் இருப்பார்.