பொழிப்புரையை மூடி வையுங்கள்

அன்புள்ள ஐயா,

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் 8, 9 இல் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்து, பாடசாலை விட்டபின் இலக்கிய வகுப்பொன்று நடத்துகிறேன். பழந்தமிழும் நவீன இலக்கியமும் படிப்பிக்க விருப்பம். இங்குள்ள பிள்ளைகளின் வீட்டில் புத்தகங்கள் இல்லை. சங்கப்பாட்டும் சிலம்பும் அவர்களுக்குக் கடினம். அதனால் சிறுகதைகளில் தொடங்கி, பிறகு பொழிப்புரை எழுதிக் கொடுத்துச் செய்யுளுக்குப் போகலாமா? தரம் 10 இல் இலக்கிய நயத்தை ஒரு பாடமாக எடுக்கச் சொல்லலாமா? போரைப் பேசும் கதைகளை இந்த வயதில் கொடுக்கலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள பிள்ளை,

ஒருவரும் கேட்காமல், சம்பளமும் இல்லாமல் பின்னேரங்களில் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். உங்களை ஏச மனம் வரவில்லை. ஆனாலும் ஏசத்தான் போகிறேன்.

அண்மையில் உறவுக்காரப் பிள்ளையொன்றின் தமிழ்க் கொப்பியைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகப் பொழிப்பு, அருஞ்சொல் விளக்கம், அணி நயம். பாட்டை மட்டும் காணவில்லை. எங்கே என்று கேட்டால், “அது சோதினைக்கு வராது மாமா” என்கிறாள். அந்த எரிச்சல் ஆறுமுன் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

இலக்கிய நயம் எடுப்பது பிள்ளையின் விருப்பம், அதற்கு இப்போது என்ன அவசரம்? ஆனால் “இங்குள்ள பிள்ளைகளுக்குச் சிலம்பு கடினம்” என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. வைகாசி மாதம் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் உப்புத்தண்ணீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளையில் கண்ணகிக்குப் பொங்குகிற மண் இது. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளை அம்மாவின் இடுப்பில் இருந்தே அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கும். அதனிடம் போய்க் கண்ணகியைக் கடினம் என்கிறீர்கள்!

சின்ன வயதில் அம்மப்பாவோடு முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்த்திருக்கிறேன். விடிய விடிய நடக்கும். பாதியில் நித்திரையாகி, மத்தளச் சத்தத்தில் எழும்பி, மறுபடி நித்திரையாவேன். எனக்குப் பிடித்தது அடுத்த நாள்தான். கையெழுத்து வைக்கவும் தெரியாத வயற்காரர்கள் தேத்தண்ணிக் கடையில் பாண்டியனை விசாரிப்பார்கள். களவெடுத்தவன் தட்டான், அரசனில் என்ன பிழை என்பார் ஒருவர். விசாரிக்காமல் வெட்டச் சொன்னவனுக்கு முடி எதற்கு என்று மற்றவர் பாய்வார். கடைக்காரர் வந்து விலக்க வேண்டும். அவர்களில் யார் பொழிப்புரை படித்தார்கள்?

ஆகவே முதலில் வாசித்துக் காட்டுங்கள். வழக்குரை காதையில் கண்ணகி அரண்மனை வாசலில் வந்து நிற்கிற இடம்:

“வாயி லோயே வாயி லோயே
அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து
இறைமுறை பிழைத்தோன் வாயி லோயே”

கோபத்தோடு வாசியுங்கள், பாடம் ஒப்புவிக்கிற குரலில் அல்ல. “அறிவறை போகிய” என்றால் என்ன என்று விளங்காமலே, அவள் அரசனை ஏசுகிறாள் என்று பிள்ளைக்கு விளங்கும். திரும்பவும் வாசியுங்கள். பிள்ளைகளையும் வாசிக்க விடுங்கள், ஒருவன் காவலன், ஒருத்தி கண்ணகி. கேள்வி வந்தபிறகு சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். கேள்வி வருமுன் கரும்பலகையில் பொருளை எழுதினீர்களோ, அதோடு சரி, எல்லாரும் குனிந்து கொப்பியில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். பிறகு நிமிரவே மாட்டார்கள். முப்பது காதையும் வேண்டாம், இந்த ஒன்று போதும்.

போர்க் கதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போர் நவீன இலக்கியத்தில்தான் வருகிறது என்று யார் சொன்னது? பாரியின் மகளிர் பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்று 112 ஆம் பாட்டை எடுங்கள். போன மாத நிலவில் எங்களுக்குத் தகப்பனும் இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் மலையை வேந்தர் எடுத்துக்கொண்டார்கள், தகப்பனும் இல்லை. ஐந்தே அடி. உங்கள் பிள்ளைகள் 2009க்குப் பின் பிறந்தவர்கள், ஆனால் அவர்களின் அம்மாமார் அப்படியில்லையே. இதை வாசித்துவிட்டு விளக்கம் சொல்லாமல் இருங்கள். யாராவது வீட்டுக்கதை சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் தோண்ட வேண்டாம்.

நவீனத்துக்கு அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973 இல் வந்த நாவல், கதை நடப்பது உங்கள் மாவட்டத்துத் தண்ணிமுறிப்பில். நூலகம் (noolaham.org) இணையத்தளத்தில் கிடைக்கும். முதலில் நீங்கள் முழுதாக வாசியுங்கள், பிறகு தரம் 9க்கு எந்தப் பகுதிகளைக் கொடுப்பது என்று பாருங்கள். வன்னி வாழ்க்கையை எழுதிய தாமரைச்செல்வியின் சிறுகதைகளும் இருக்கின்றன. வயலையும் காணியையும் பற்றி உங்கள் பிள்ளைகள் அவருக்கே பிழை பிடிக்கக்கூடும், பிடிக்கட்டும்.

அப்புறம் அந்த “கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்து” என்ற விஷயம். எதை வைத்துத் தெரிந்தீர்கள், தவணைச் சோதினைப் புள்ளியை வைத்தா? அந்தத் தேத்தண்ணிக் கடையில் வாதாடிய வயற்காரர் ஒருவரும் அதில் தேறியிருக்க மாட்டார்கள். அடுத்த கிழமை வகுப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டு, யார் வந்தார்கள் என்று எழுதுங்கள்.