கடாகேஸ் ஊரில் அடிக்கும் ‘திரமொந்தானா’ காற்று என்றால் என்ன?

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், வெள்ளைச் சுவர் வீடுகள் கடலை ஒட்டி நெருங்கி நிற்கும் ஊர் கடாகேஸ். அங்கே வடக்கிலிருந்து அடிக்கும் குளிர்ந்த, வறண்ட காற்றுக்குத்தான் திரமொந்தானா என்று பெயர். பிரான்ஸ் பக்கமிருந்து வரும் குளிர்காற்றைப் பிரனீஸ் மலை மறிக்க, மலை தாழ்கிற கிழக்கு முனை வழியாக அது முண்டியடித்துப் புகுவதால் வேகம் எகிறிவிடுகிறது. இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்தில் மட்டும் காற்று ஆளைத் தள்ளுமே, அதே கதைதான். சில சமயம் நாள்கணக்கில் விடாது. அப்போது படகுச் சவாரியை மறந்துவிட்டு, பக்கத்து போர்ட்லிகாட்டில் ஓவியர் சல்வடோர் டாலி வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள், வாசலிலேயே பாடம் செய்த கரடி ஒன்று நகை போட்டுக்கொண்டு நிற்கும் (முன்பதிவு அவசியம்). அப்புறம், இந்தக் காற்று வந்தால் மழையும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வானம் பளிச்சென்று நீலமாகத்தான் இருக்கும்.