கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தலைமைத்துவ முகாமுக்குப் போனால் மாறுமா?

கேள்வி: "நாங்கள் திருகோணமலையில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். தலைமைத்துவப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினால் தன்னம்பிக்கை வருமா?"

ஒருநாள் முகாம் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காலையில் ஒரு விரிவுரை, பத்து மணிக்குத் தேநீரும் பணிசும், பின்னேரம் சான்றிதழ், குழுப்படம். பிள்ளை போனபடியே திரும்பி வரும், சான்றிதழ் அலுமாரிக்குள் போகும்.

உவர்மலைப் பக்கம் ஒரு இளைஞர் கழகத்துக்குச் சில காலமாகக் கூடமாட உதவி செய்கிறேன். அங்கே கூச்சம் விட்டுப்போன பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், எல்லோருமே ஏதோ ஒரு பொறுப்பை உண்மையாகச் சுமந்தவர்கள்தான். உங்கள் மகளைப் போலவே ஒரு பிள்ளை இருந்தாள். கையெழுத்து அழகு என்பதற்காகப் பொருளாளர் ஆக்கினோம். கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நாளில் சோடா கொண்டுவந்தவர் முழுத் தொகைக்கும் பில்லை நீட்டினார். பெரியவர்கள் எல்லோரும் பக்கத்தில்தான் நின்றோம். இவள் கொப்பியைப் பார்த்துவிட்டு, கேட்டும் கேட்காத குரலில், "அண்ணா, மூன்று கேஸ் குறையுது" என்றாள். "எண்ணிப் பார் தங்கச்சி" என்று அவர் சிரித்தார். ஒவ்வொரு கேஸாகக் கையால் தொட்டுத் தொட்டு அவர் முன்னாலேயே எண்ணினாள். அவர் பேசாமல் பில்லை வெட்டித் திருத்தினார். அடுத்த கூட்டத்தில் கணக்கை வாசிக்க அவளை யாரும் கெஞ்சவில்லை.

அதனால் முகாமைத் தேடுவதை விட, பிள்ளை கையில் வேலை கொடுக்கும் இடத்தைத் தேடுங்கள். பாடசாலையில் பெண் சாரணியர் குழு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து, பிள்ளைகளில் ஒருவரையே அணித்தலைவர் ஆக்கும் முறை சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே இருந்தது. ஏழெட்டுப் பேருக்குள் பேச எந்தக் கூச்சக்காரப் பிள்ளைக்கும் முடியும். ஆசிரியரே எல்லாவற்றையும் ஓடியோடிச் செய்கிற குழு என்றால் சீருடைக் காசு வீண்தான்.

இன்னொன்று எடின்பரோ கோமகன் விருது; பெயர்தான் விருது, உண்மையில் இளைஞர்களுக்கான ஒரு பயிற்சித் திட்டம். 14 வயதில் வெண்கலப் பிரிவில் சேரலாம். சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்று நாலு பகுதி; குறைந்தது ஆறு மாதம் எடுக்கும். யாரோடும் போட்டி கிடையாது, இலக்கைப் பிள்ளையே வைத்துக்கொள்ளும். மேடைப் பயம் உள்ளவர்களுக்கு இது நல்ல தோது. தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழுள்ள இளைஞர் கழகங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே 29 வயது வரையுள்ளவர்கள் இருப்பதால், சின்னப் பிள்ளைகள் கதிரை அடுக்குவதோடு நின்றுவிடுவதும் உண்டு. முதலில் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்.

திருகோணமலையில் ஒரு வசதி இருக்கிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பிள்ளைகளும் சேர்கிற நிகழ்ச்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள். தமிழும் சிங்களமும் கலந்த கூட்டத்தில் எல்லோருமே தட்டுத் தடுமாறித்தான் கதைப்பார்கள். தான் மட்டும்தான் திணறுகிறோம் என்ற எண்ணம் அங்கே தானாகக் கழன்றுவிடும். வீட்டில் சிங்களம் பேசாத பையன் ஒருவன், கந்தளாய்ப் பொடியனோடு கூடாரக் கயிறு கட்டும்போது கையாலும் அரைகுறைச் சொல்லாலும் சண்டையே பிடித்தான். மேடையில் ஏற்றியிருந்தால் நடுங்கியிருப்பான்.

கடைசியாக உங்களுக்கு, அம்மாவோ அப்பாவோ, ஒன்று. வருவதற்குப் பிந்தும், காசு குறைகிறது, சாப்பாடு சரியில்லை என்று பொறுப்பாளருக்கு நீங்கள் போன் பண்ணாதீர்கள். பாதுகாப்பு விஷயம் என்றால் தாராளமாகப் பேசுங்கள், மற்றதை அவளே கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை டியூசனில் ஒன்றையாவது விடவேண்டி வரும். அதை ஓ.எல். பரீட்சை வருடத்துக்கு முன்னாலேயே, இந்த வயதிலேயே செய்துவிடுங்கள்.