தேங்க்யூ கார்டு யாருக்கு, எப்போ? அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா, மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. மாப்பிள்ளைக்கு கனடால வேலை. வந்த 400 பேருக்கும் தேங்க்யூ கார்டு அனுப்பணும்னு மக நிக்கிறா. எங்க வீட்டுக்காரரு "தாம்பூலப் பை குடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன கார்டு"ங்கறாரு. யார் சொல்றது சரி?
- கோத்தகிரி வாசகி

உங்க வீட்டுக்காரர் சொல்றது முக்காவாசி சரிதாங்க. மண்டப வாசல்ல நின்னு தேங்காய் வெத்தலை பாக்கு போட்ட பையைக் கையில குடுத்து "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டீங்கல்ல, நம்ம பக்கம் நன்றி அங்கயே முடிஞ்சுது. மொய் எழுதினவங்களுக்கு நோட்டு இருக்கு, அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போயி கொஞ்சம் கூட வச்சு எழுதறதுதான் அதுக்குப் பதில், அவங்களுக்குப் போயி கார்டு அனுப்பினா "என்ன, இதோட கணக்கு முடிச்சுட்டாங்களா"ன்னு நினைச்சாலும் நினைப்பாங்க (சிரிக்காதீங்க, எங்க பெரியப்பா ஒருத்தர் நேராவே கேட்டாரு).

ஆனா மக சொல்றதுலயும் விஷயம் இருக்கு. மாப்பிள்ளையோட கனடா ஃப்ரெண்ட்ஸ் கிஃப்ட் அனுப்பியிருந்தா அவங்களுக்கு எழுதியே ஆகணும், அந்தப் பக்கம் கல்யாணம் முடிஞ்சு மூணு மாசத்துக்குள்ள கார்டு போயிடணும்ங்கறது வழக்கம், போகலைன்னா பார்சலே வந்து சேரலையோன்னு யோசிப்பாங்க. அதை நீங்க எழுதாதீங்க, பொண்ணும் மாப்பிள்ளையும் கையால எழுதணும். என்ன குடுத்தாங்களோ அதைச் சொல்லியே எழுதட்டும், "உங்க காபி மெஷின்தான் தினம் எங்களை எழுப்புது" அப்படின்னு. பணமா குடுத்திருந்தா தொகையை எழுத வேணாம், அதுல என்ன வாங்கப் போறீங்கன்னு ஒரு வரி போதும்.

இங்க யாருக்குன்னா, கீழ இருந்து ராத்திரி மலையேறி வந்த உங்க சொந்தக்காரங்களுக்கு ரூமும் கம்பளியும் குடுத்த பக்கத்து வீட்டுக்காரங்க, சமையல் மாஸ்டர், முழங்கால் வலியால வர முடியாம புடவையை மட்டும் அனுப்பி வச்ச அத்தை, இப்படி எண்ணினா பத்து பன்னெண்டு பேர் வருவாங்க. அந்த 400 பிரிண்ட் கார்டு காசுக்கு நல்லா ஒரு ஸ்வீட் டப்பா வாங்கலாம்.

கேள்வி: ஊட்டில ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ போயிட்டு வந்தேன். தேங்க்யூ கார்டு அனுப்பலாமா?
- வெலிங்டன் வாசகர்

கார்டு வேணாம் தம்பி, அது போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் எடுத்துடுவாங்க. அன்னைக்கு சாயந்தரமோ மறுநாளோ நாலு வரி ஈமெயில் போடு, இன்டர்வியூல பேசின ஒரு விஷயத்தைத் தொட்டு எழுது. "வேலை கிடைச்சா வாழ்நாள் முழுக்க கடமைப்பட்டிருப்பேன்"னு மட்டும் சேர்த்துடாத, நன்றிக்குள்ள மனுவை ஒளிச்சு வைக்கறது படிக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும்.

கேள்வி: எங்கப்பா தவறி ஒரு மாசம் ஆச்சு. பாடை கட்டுறதுல இருந்து பதினாறாம் நாள் வரைக்கும் எங்க எஸ்டேட் லைன் வீட்டு ஜனங்கதான் பார்த்துக்கிட்டாங்க. இலங்கைல ஹட்டன்ல இருக்கற சித்தப்பா வர முடியாம ஃபோன்ல அழுதாரு, பணமும் அனுப்பினாரு. இவங்களுக்கெல்லாம் கார்டு போடலாமாக்கா?
- கூடலூர் வாசகி

மனசு கஷ்டமா இருக்கும்மா. இழவு வீட்டுல நாம "வாங்க"ன்னு கூப்பிடறதில்ல, வந்தவங்களும் "போயிட்டு வர்றேன்"னு சொல்றதில்ல, அதே மாதிரிதான் நன்றியும், அங்க சொல்லாம விடறதுதான் வழக்கம். 1964ல இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்க இருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்க உங்க பக்கம் நிறைய இருக்காங்க, லைன்ல ஒரு வீட்டுல சாவுன்னா பக்கத்து வீட்டு அடுப்புலதான் சோறு வேகும், அவங்ககிட்ட போயி கார்டை நீட்டினா "என்னடி, எங்களை அசலாக்கிட்ட"ன்னு கோவிச்சுக்குவாங்க. அதான் பதினாறு முடிஞ்சாச்சே, ஒரு நாள் சும்மா போயி உக்காந்து டீ குடிச்சுட்டு, "அன்னைக்கு மழைல நீங்க விறகு கொண்டு வரலைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்"னு அவங்க செஞ்சதை ஒண்ணொண்ணா சொல்லுங்க. அது போதும்.

சித்தப்பாவுக்கு மட்டும் கட்டாயம் எழுதுங்க, கார்டு இல்ல, வெறும் வெள்ளைத்தாள்ல லெட்டர். பணத்தைப் பத்தி ஒரு வரிக்கு மேல வேணாம். அண்ணன் முகத்தைக் கடைசியா பார்க்க முடியலையேங்கறதுதான் அவருக்குள்ள ஓடிட்டு இருக்கும், அதனால அப்பா கடைசி நாள்ல என்ன சாப்பிட்டாரு, யாரைக் கேட்டாரு, தம்பியைப் பத்தி என்ன பேசினாரு, அதையெல்லாம் எழுதுங்க. இன்னொண்ணு, கருமாதி லெட்டர் அடிச்சது மிச்சம் இருக்குன்னு அதையும் அதே கவர்ல வைக்காதீங்க, படிச்சதும் கிழிச்சுப் போடுற பழக்கம் நிறைய வீட்டுல இன்னும் இருக்கு, அதோட சேர்ந்து உங்க லெட்டரும் போயிடும்.

கேள்வி: பையன் பர்த்டேக்கு வந்த பசங்களுக்கு வாட்ஸப்ல ஸ்டிக்கர் போட்டா போதாதா?
- அருவங்காடு வாசகி

பசங்களுக்குப் போதும். தாத்தா பாட்டிக்கு மட்டும் அவனையே கோணல்மாணலா நாலு வரி எழுத வைங்க, தப்பைத் திருத்தாதீங்க. பொங்கல் வாழ்த்தைக் கட்டுக்கட்டா போஸ்ட் பண்ணின தலைமுறை அது, பீரோல வச்சுக்குவாங்க.

கேள்வி: ஜூலைல கார்டு எழுதி வச்சா இங்க் கலையுது, கவர் தன்னாலயே ஒட்டிக்குது. என்ன பண்றது?
- குன்னூர் வாசகர்

எனக்கும் இதே தொல்லைதான், ரிட்டயர் ஆன டீச்சருக்கு ஆசையா ஜெல் பேனால எழுதி அனுப்பினேன், மழைல நனைஞ்சு போய்ச் சேர்ந்ததுல என் பேரு மட்டும்தான் தெரிஞ்சுதாம். பால் பாயின்ட் பேனாவே நல்லது. காலி கவரை அரிசி டப்பாக்குள்ள போட்டு வைங்க, ஒட்டற இடத்துல ஒரு துண்டு பட்டர் பேப்பர். ஸ்டாம்ப் 20 கிராம் வரைக்கும் 5 ரூபா, பூ மணியெல்லாம் ஒட்டின கனமான கார்டுன்னா கவுன்டர்லயே எடை போட்டுடுங்க, பத்தாத காசை வாங்குறவங்ககிட்டதான் கேப்பாங்க. நான் அனுப்பின ஒரு கார்டை எங்க அத்தை அப்படித்தான் காசு கட்டி வாங்கினாங்க, இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாங்க.