பொம்மை வீட்டு கிட்டில் 1:12 என்றால் என்ன? புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்கலாம்?

பொம்மை வீட்டு கிட் பெட்டியில் போட்டிருக்கும் 1:12 என்பது அளவு விகிதம். நிஜ வீட்டின் ஓர் அடி இதில் ஓர் அங்குலம். ஏழு அடிக் கதவு ஏழு அங்குலம் இருக்கும். 1:24 அதில் பாதி. கதவும் நாற்காலியும் ஒரே விகிதத்தில் இருந்தால்தான் கண் அதை வீடென்று நம்பும்.

சரி, பெட்டியைத் திறந்ததும் பசையைத் தொடாதீர்கள். சுவர்களைச் சும்மா பொருத்தி, காகித டேப்பால் நிறுத்திப் பாருங்கள். தையல்காரர் முதலில் ஓட்டுத்தையல் போட்டு அளவு பார்ப்பாரே, அதே கதைதான். பிளைவுட் லேசாக வளைந்திருக்கலாம். பசை காய்ந்தபின் பிரித்தால் மரம் பிய்ந்துவிடும். வால்பேப்பர் ஒட்டுவதும் சுவர் தட்டையாகக் கிடக்கும்போதே சுலபம்.

சின்ன கிட் என்றால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1:24-இல் நாற்காலிக் கால் தீக்குச்சிப் பருமன்தான், புதியவர் விரலுக்கு 1:12தான் தோது.