தனித்து வாழாத உயிர்கள்: வாசகர் கேள்வி பதில்

நம் உடலில் நம்முடைய செல்களைவிடப் பத்து மடங்கு நுண்ணுயிர்கள் இருப்பதாக ஒரு மருத்துவ நிகழ்ச்சியில் சொன்னார்கள். இது உண்மையா?
வாசகி, மன்னார்குடி

அது பழைய கணக்கு. 1972இல் தாமஸ் லக்கி என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் தோராயமாகச் செய்த மதிப்பீடு, யாரும் மறுபடி சரிபார்க்காமலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நூலுக்கு நூல் எடுத்தெழுதப்பட்டு வந்தது. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மிலோவும் அவருடைய குழுவினரும் அதைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனித செல்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருக்கும் என்பதும், அந்தப் பாக்டீரியாக்கள் அனைத்தின் எடையும் சேர்ந்து சுமார் 200 கிராம்தான் என்பதும் அவர்கள் கண்ட முடிவு. ஆகவே இரண்டும் ஏறக்குறைய சம அளவில் உள்ளன.

எண்ணிக்கையைவிட அவை செய்யும் வேலையே கவனிக்கத்தக்கது என்பது என் கருத்து. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தைச் சிதைத்து பியூட்டிரேட் என்னும் அமிலப்பொருளை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை அதிலிருந்தே பெறுகின்றன.

எந்தப் புளிப்பும் சேர்க்காமலே இட்லி மாவு இரவில் பொங்கிவிடுகிறது. கையால் கரைத்தால்தான் நன்றாகப் பொங்கும் என்று என் மாமியார் சொல்கிறார். மாவைப் பொங்கவைக்கும் உயிர்கள் எங்கிருந்து வருகின்றன?
வாசகி, திருச்சி

பெரும்பாலும் உளுந்திலிருந்துதான் வருகின்றன. வயலிலிருந்தே பருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் பாக்டீரியாக்கள், எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் நீங்காமல், ஊறவைத்த நேரத்திலேயே பெருகத் தொடங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாவைப் பொங்கவைக்கும் முதன்மையான உயிர் லூகோநாஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று காட்டினார்கள். மாவில் உள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் அது வெளிவிடுகிறது. அந்த வாயு வெளியேறிவிடாதபடி பிடித்துவைப்பவை உளுந்தில் உள்ள புரதமும் வழவழப்பான பொருளும் ஆகும். ஈஸ்ட்டுகளும் சில மாவுகளில் காணப்படுகின்றன, ஆனால் மாவு பொங்குவதற்கு அவை கட்டாயம் இல்லை.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது அடுத்து நடப்பதுதான். லூகோநாஸ்டாக் தான் உண்டாக்கிய அமிலத்தாலேயே தன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. மாவு புளிக்கப் புளிக்க, அமிலத்தை அதிகமாகத் தாங்கும் என்டெரோகாக்கஸ், பீடியோகாக்கஸ் போன்றவை ஒன்றன்பின் ஒன்றாக மேலோங்குகின்றன. உணவைக் கெடுக்கும் பல உயிர்கள் அந்த அமிலத்தில் வளர இயலாமல் ஒடுங்கிவிடுகின்றன. காடு அழிந்த நிலத்தில் முதலில் புல், பிறகு புதர், பிறகு மரம் என்று வருகின்ற அதே ஒழுங்கு, ஒரே இரவில் ஒரு பாத்திரத்துக்குள் நடந்து முடிகிறது.

உங்கள் மாமியார் சொல்வதில் ஓரளவு பொருளுண்டு. கையால் கரைக்கும்போது உளுந்து மாவும் அரிசி மாவும் சீராகக் கலக்கின்றன. நம் தோலிலிருந்தும் சில பாக்டீரியாக்கள் மாவில் சேரக்கூடும். ஆனால் வேண்டிய உயிர்கள் மாவிலேயே இருப்பதால், கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கும். மார்கழியில் அது தாமதமாவதற்குக் குளிர்தான் காரணம். 30 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பமே இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஏற்றது.

ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருப்பதாகப் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் ஆய்வகத்தில் அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டில் இட்டால் மிகச் சில காலனிகளே (பாக்டீரியாத் திரள்களே) வளர்கின்றன. மற்றவை இறந்துவிட்டனவா?
நுண்ணுயிரியல் மாணவர், நாகர்கோவில்

பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன; நாம் தரும் உணவும் தனிமையும்தான் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. நுண்ணோக்கியில் எண்ணும் செல்களில் நூற்றில் ஒன்றுகூடத் தட்டில் வளராத மண் மாதிரிகள் பல உண்டு. ஒவ்வொரு நுண்ணுயிரையும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக வளர்த்தால்தான் அறிய முடியும் என்ற முறை நோய்க்கிருமிகளைக் கண்டறிய மிகப் பெரிய அளவில் உதவியது. அதே முறை, கூடிவாழும் உயிர்களை நம் பார்வையிலிருந்து நெடுங்காலம் மறைத்தும் வைத்தது.

கடலில் இதற்கு நல்ல சான்று உண்டு. புரோகுளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்தது இதுவே. அப்படியிருந்தும், கடலியலாளர்கள் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் உள்ளிட்ட குழுவினர் 1988இல் அறிவிக்கும்வரை அது அறிவியலுக்குத் தெரியாமலே இருந்தது. ஆய்வகத்தில் அதைத் தனியாக வளர்ப்பது கடினம். ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற நச்சுப்பொருளைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி அதனிடம் இல்லாததே அதற்கு ஒரு முக்கியக் காரணம். கடல்நீரில் அருகே வாழும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நச்சை நீக்கிவிடுவதால், அந்த வேலையைத் தானே செய்யும் திறனை அது இழந்தும் வாழ்ந்துவருகிறது. அகார் தட்டில் அக்கம்பக்கத்தார் இல்லை.

தட்டில் வளராதவற்றை அறிவதற்கான வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கார்ல் வோஸ். செல்லுக்குள் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்ட அவரும் ஜார்ஜ் ஃபாக்சும், மீத்தேன் உண்டாக்கும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியா இனத்தையே சேராதவை என்று 1977இல் காட்டினார்கள். ஆர்க்கியா என்ற பெரும்பிரிவு அவ்வாறுதான் அறியப்பட்டது. அதே வரிசைகளை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் நேரடியாகப் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை பின்னர் வளர்ந்தது.

வீட்டுத் தரையையும் கைகளையும் கிருமிநாசினியால் அடிக்கடி சுத்தம் செய்வது நல்லதா?
வாசகர், மதுரை

உண்பதற்கு முன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுவதைக் கைவிடவே கூடாது. உயிரைக் காக்கும் பழக்கம் அது. ஆனால் அதற்குச் சாதாரண சோப்பே போதும். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களில் ஏதேனும் ஒன்றைக் கொண்ட கிருமிக்கொல்லிச் சோப்புகள் சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அதிகப் பயன் தருவதற்குச் சான்று இல்லை என்று கூறி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. நோயாளி இல்லாத வீட்டில் தரையை நாள்தோறும் கிருமிநாசினியால் துடைக்கத் தேவையில்லை.

என் பள்ளியில் விலை உயர்ந்த நுண்ணோக்கி இல்லை. நுண்ணுயிர்களின் வாழ்க்கையை மாணவர்களுக்குக் கண்ணெதிரே காட்ட வழி உண்டா?
அறிவியல் ஆசிரியர், அறந்தாங்கி

உண்டு, அதற்குக் கண்மாய்ச் சேறும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் போதும். கீவ் நகரில் 1856இல் பிறந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி, நுண்ணுயிர்களை அவை வாழும் இடத்தின் சூழலோடு சேர்த்தே ஆராய வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியவர். கந்தகப் பொருள்களிலிருந்தே ஆற்றலைப் பெற்று வாழும் பாக்டீரியாக்களை 1880களில் அடையாளம் கண்டவரும் அவரே. அவர் பயன்படுத்திய எளிய சேற்றுத்தூண் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

கற்களையும் குச்சிகளையும் நீக்கிய சேற்றில் ஒரு பங்கை எடுத்து, நார்நாராகக் கிழித்த செய்தித்தாள் ஒரு கைப்பிடி, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, நிலக்கடலைக்கு இடும் ஜிப்சம் ஒரு கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, ஒளி ஊடுருவும் பாட்டிலின் அடியில் மூன்றில் ஒரு பங்கு வரை நிரப்புங்கள். அதன்மேல் வெறும் சேற்றையும், அதற்கும் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கண்மாய் நீரையும் இட்டு, வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, கடும் வெயில் நேரே படாத சன்னலோரத்தில் வையுங்கள். சில வாரங்களில் சேறு கறுக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மாதங்களில் பச்சை, ஊதா, துருச் சிவப்பு எனப் பட்டைகள் தெரியும்.

அங்கே நடப்பதை மாணவர்களுக்கு அடியிலிருந்து மேலாக விளக்குங்கள். ஆக்சிஜன் தீர்ந்துபோன அடிச்சேற்றில் ஒரு வகைப் பாக்டீரியாக்கள் காகிதத்தின் செல்லுலோசைச் சிதைத்து அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்களை உண்ணும் வேறொரு வகை, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு இணையாக ஜிப்சத்தில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகிறது. அது சேற்றில் உள்ள இரும்போடு சேர்வதால்தான் கறுப்பு நிறம் வருகிறது. மேலே எழும் அந்த வாயுவையும் ஒளியையும் கொண்டு பச்சைக் கந்தகப் பாக்டீரியாக்களும், அவற்றுக்குச் சற்று மேலே ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்களும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. தண்ணீரைப் பிளக்காததால் இவை ஆக்சிஜனை வெளிவிடுவதில்லை. உச்சியில் உள்ள பாசிகளும் சயனோபாக்டீரியாக்களும் மட்டுமே ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. ஒன்றின் கழிவு அடுத்ததன் உணவாவதால், ஒவ்வொன்றின் இடமும் அதனதன் அண்டை உயிர்களைப் பொறுத்தே அமைகிறது.

நீர் நிற்கும் நெல் வயலில் கால் வைத்தால் குமிழிகள் எழுவதற்கும் இதே வகை வாழ்க்கைதான் காரணம். அங்கே ஆர்க்கியாக்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. வயலிலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கி மாணவர்களிடம் காட்டுங்கள். தண்டின் வழியாக வேருக்கு வரும் காற்று சிறிது வெளியே கசிவதால், கறுத்த சேற்றுக்குள் இருந்த வேரின்மேல் துருநிறத்தில் இரும்புப் படலம் படிந்திருக்கும்.

பாட்டிலை இறுக்கமாக மூட வேண்டாம், உள்ளே வாயு சேரும். தாளில் ஊசியால் இரண்டு துளைகள் இடுங்கள். திறந்து முகர்ந்துபார்க்க மாணவர்களை விடாதீர்கள். சேற்றைத் தொட்ட அனைவரும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுத்துவந்தால், பட்டைகள் எந்த வரிசையில் தோன்றின என்பதை ஆண்டு இறுதியில் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.