நாசி லெமாக்கும் 19-ஆவது கிலோமீட்டரும்

வணக்கம் ஐயா,

நான் சுங்கை சிப்புட்காரன். வயது 38, எடை 68 கிலோ. செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. அரை மாரத்தான் மூன்று முடித்துவிட்டேன். இந்த முறை பினாங்குப் பாலத்தில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் விடியுமுன் லிந்தாங் சாலைப் பக்கம் நீண்ட ஓட்டம். அதற்காக என் மனைவி மூன்று மணிக்கே எழுந்து சமைத்துக் கொடுப்பாள். மற்ற ஆறு நாளும் தொழிற்சாலை வேனைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழுகிறவள் அவள்.

போன மாதம் 28 கிலோமீட்டர் ஓட வேண்டிய நாளில் நாசி லெமாக் செய்து, பொரித்த முட்டையும் சம்பாலும் வைத்துக் கொடுத்தாள். நாலு மணிக்குச் சாப்பிட்டு நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். 12-ஆவது கிலோமீட்டரில் வயிறு பிடித்தது, 19-இல் வாந்தி. நடந்து வீடு வந்தேன். வந்த கோபத்தில் "உன் சாப்பாடுதான் என்னைக் கெடுத்துச்சு" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறும் அதே மூன்று மணிக்கு எழுந்து, "என்ன வேணும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எடை குறைய வேண்டும் என்று இரவில் சோற்றை நிறுத்தியிருக்கிறேன். நான் எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும்? அவளுக்கு எப்படி நன்றி சொல்வது? ஓட்டம் முடிந்ததும் பதக்கத்தோடு அவள் படத்தையும் முகநூலில் போடலாம் என்றிருக்கிறேன்.

வாசகர், சுங்கை சிப்புட்

*

அன்புள்ள தம்பிக்கு,

"என்ன வேணும்னு சொல்லுங்க" என்று உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இல்லாததுதான் இத்தனைக்கும் காரணம்.

அன்று நடந்தது இதுதான். நாசி லெமாக்கில் சோறே தேங்காய்ப்பாலில் வெந்தது. அதன்மேல் பொரித்த முட்டை, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, எண்ணெய் மிதக்கும் சம்பால். கொழுப்பு சேரச் சேர, உணவு இரைப்பையை விட்டு இறங்கும் வேகம் குறையும். அப்படி ஒரு சாப்பாட்டுக்கு மூன்று நாலு மணி நேரமாவது கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது 45 நிமிடம். ஓடத் தொடங்கியதும் இரத்தம் கால் தசைக்கும், வியர்க்கும் தோலுக்கும் போய்விடும். குடலுக்குப் போகும் பங்கு சுருங்கும். செரிக்காத எண்ணெயோடு வயிறு குலுங்கியது, வாந்தி வந்தது. உணவில் குறையில்லை, நேரத்தில் குறை. அந்த நேரத்தைக் குறித்தவர் நீங்கள். இதை இன்றிரவே அவரிடம் சொல்லுங்கள். "மன்னிச்சிடு" என்பதோடு நிறுத்தாமல், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு மாதமாக அவர் தன் கைப்பக்குவத்தைச் சந்தேகித்துக் கொண்டிருப்பார். காரணம் தெரிந்தால்தான் அது போகும்.

இரண்டாவது பிழை முந்தின இரவே நடந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். உங்கள் 68 கிலோவுக்கு அரை மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) 1,430 கலோரி. முழு மாரத்தான் (42.2 கிலோமீட்டர்) 2,870. தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கக்கூடிய மாவுச்சத்து சுமார் 500 கிராம், அதாவது 2,000 கலோரி. அதுவும் முழுதாக நிரப்பியிருந்தால்தான். கொழுப்பும் கொஞ்சம் எரியும். அதனால் அரை மாரத்தானைப் பாதிக் கையிருப்போடுகூட ஓடி முடித்துவிடலாம். மூன்று முறை அப்படித்தான் தப்பித்திருக்கிறீர்கள். 28 கிலோமீட்டர் அந்தச் சலுகையைத் தராது. இரவுச் சோற்றை நிறுத்தியவர் வெறும் கிடங்கோடு கிளம்புகிறார். எடை குறைய வேண்டுமென்றால் ஓட்டமில்லாத நாளில், பொரித்ததையும் இனிப்புத் தேநீரையும் குறைத்துப் பாருங்கள். சனிக்கிழமை இரவுச் சோற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அளவுக்கு வருவோம். ஒரு மணி நேரம் ஓடும் சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 6 கிராம் மாவுச்சத்து போதும். உங்களுக்கு 340 முதல் 400 கிராம். ரைஸ் குக்கரோடு வரும் அளவுக் குவளையில் ஒரு குவளை அரிசி 150 கிராம். வெந்தால் சுமார் 400 கிராம் சோறு. நூறு கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காலையில் ஐந்து இட்லி (50), பத்து மணிக்கு இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் (50), மதியமும் இரவும் தலா 300 கிராம் சோறு (மொத்தம் 168), மாலையில் மைலோ பானமும் பிஸ்கட்டும் (45), பருப்பு, காய், பழத்திலிருந்து ஒரு 40. கணக்கு முடிந்தது. புரதம் கிலோவுக்கு 1.4 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 95 கிராம். முட்டைக்கு 6, நூறு கிராம் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனில் 20, நூறு கிராம் தெம்பேவில் (நொதிக்கவைத்த சோயாக் கட்டி) ஏறக்குறைய அதே அளவு.

பட்டியலைக் கவனித்தீர்களா? இதில் உங்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டியது எதுவும் இல்லை. வீட்டுக்கு வைக்கும் அதே சோறு, அதே குழம்பு. உங்கள் தட்டில் சோறு கூடும், தேங்காய்ப்பால் குழம்பு குறையும், அவ்வளவுதான். "ஓட்டக்காரர் சாப்பாடு" என்று இரண்டாவது சட்டி ஒன்றை அடுப்பில் ஏற்றச் சொல்வதுதான் பல வீடுகளில் மனைவிமார்களை அலுக்க வைக்கிறது. சமையலறையில் சின்னத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். முதல் இரண்டு வாரம் உங்கள் தட்டை நீங்களே நிறுத்துப் போடுங்கள். பிறகு கண்ணே அளந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி அடுப்பு இனி உங்களுடையது. சொல்லப்போனால் அடுப்பே வேண்டாம். சனி இரவு பத்து மணிக்கு அரைக் குவளை அரிசியைக் கழுவி, ஆறு மடங்கு தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, குக்கரில் நேரம் குறிக்கும் வசதி இருந்தால் மூன்று மணிக்குக் கஞ்சி தயாராகும்படி வைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் படுக்கப் போகுமுன் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்கச் சூட்டுக் குடுவையில் ஊற்றி இறுக மூடுங்கள். குடுவையை முதலில் வெந்நீரால் சூடாக்கிக் கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக ஐந்து மணி நேரம் கிடக்கும் கஞ்சியில் கிருமி வளரும். எழுந்ததும் இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு சின்ன வாழைப்பழம். மொத்தம் 95 கிராம் மாவுச்சத்து. மூன்றேகாலுக்குச் சாப்பிட்டால் ஐந்து மணிக்கு ஓடலாம். கஞ்சி பிடிக்காத நாளில் நாலு துண்டு ரொட்டி, மெல்லிசாகக் காயா (தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்த ஜாம்), ஒரு வாழைப்பழம். அதுவும் அதே கணக்குதான். வழக்கமாகக் குடிக்கிற கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடிக்கலாம். புதிதாக எதையும் அன்றைக்குத் தொடங்க வேண்டாம்.

ஓடும்போது முதல் அரைமணி முடிந்ததிலிருந்து மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்றால் அதற்குள் கால் நின்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சீனி (தலைதட்டி ஐந்து மேசைக்கரண்டி), கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை பிழிந்து கலக்குங்கள். ஆறு சதவீதக் கரைசல். வயிற்றிலிருந்து எளிதில் இறங்கும். சீனியை எட்டுச் சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் வயிற்றிலேயே தங்கிக் குமட்டும், சிலருக்குப் பேதியாகும். மைலோவும் குளிர்பானங்களும் ஓட்டத்தின் நடுவில் தொல்லை தருவது அதனால்தான். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் வியர்வையில் போவது பெரும்பாலும் உப்பு. இளநீர் மட்டும் அதை ஈடுகட்டாது. மணிக்கு அரை லிட்டர் இந்தக் கரைசல் (30 கிராம்), கூடவே கொட்டை எடுத்த சின்னப் பேரீச்சம்பழம் மூன்று. முதல் வாரம் 30 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பத்தாக ஏற்றுங்கள். கால்களைப் போலக் குடலும் பழகித்தான் ஆக வேண்டும்.

செம்பனைத் தோட்டத்துச் சாலையில் கடை கிடையாது. அதனால் ஒரே நீட்டாக ஓடாமல், வீட்டு வாசலைத் தொட்டுத் திரும்பும் ஏழு கிலோமீட்டர் சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். போத்தல்களை வாசல் கேட் அருகே ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் போதும். யாரும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வர வேண்டியதில்லை. இந்தப் போத்தல்களைக் கழுவுவது உங்கள் வேலை. சீனித் தண்ணீர் கழுவாமல் கிடந்தால் மூடியின் மடிப்பில் கரும்பூஞ்சை பிடிக்கும், அதைப் பிரஷ் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஞாயிறு மதியம் கழுவு தொட்டியில் யாராவது அதைத் தேய்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கைகள் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, நனைந்த சட்டை இல்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் அடுத்த முறை கூடுதலாகக் குடியுங்கள். மாறாக எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அப்படிக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, விரல் வீக்கம், வாந்தி, குழப்பம் என்று போகும். அது உயிருக்கே ஆபத்து. திரும்பி வந்து ஒரு மணி நேரத்துக்குள் சோறு, ரசம், இரண்டு முட்டை, ஒரு மீன் துண்டு. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை, மோராகவோ தண்ணீராகவோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

உங்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தாலோ இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ இந்தச் சீனிக் கணக்கைத் தொடங்குமுன் கிளினிக்கில் இரத்தம் பாருங்கள். இல்லாதவர்களுக்கும் இந்தக் கரைசல் ஓடும்போது மட்டும்தான், சாப்பாட்டு மேசைக்கு அல்ல.

பினாங்கில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே முழு மாரத்தான் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்குகிறது. ஆகவே ஓட்டத்துக்கு முந்திய சாப்பாடு என்பது இரவுச் சாப்பாடு. தொடங்கும் நேரத்திலிருந்து நாலு மணி நேரம் பின்னால் எண்ணி அங்கே 300 கிராம் வெள்ளைச் சோறு, ரசம், அவித்த முட்டை வையுங்கள். ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு ரொட்டி. அதற்கு முந்திய இரண்டு நாளும் கிலோவுக்கு 9 முதல் 10 கிராம், அதாவது 650 கிராம் மாவுச்சத்து ஏற வேண்டும். வெறும் சோறாக இதைத் தின்ன முடியாது. எட்டு இட்லி, காயா ரொட்டி, மதியம் 500 கிராம் சோறு, பழம், மைலோ, பார்லித் தண்ணீர், இரவு 400 கிராம் சோறு, படுக்குமுன் சர்க்கரைக் கஞ்சி என்று பிரித்தால் ஏறிவிடும். அந்த இரண்டு நாளும் கீரை, பருப்பு, கடலை, தேங்காய்ப்பால் வேண்டாம். கீரைக் கூட்டை ஒதுக்கப்போவதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். எடை ஒன்று இரண்டு கிலோ கூடும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து வைப்பதால் வருவது அது, பயப்பட வேண்டாம். அவரும் கூட வருவதாக இருந்தால் ஒரு அறை எடுத்துவிடுங்கள். ஐந்து மணி நேரம் கார் நிறுத்துமிடத்தில் விழித்திருக்கச் சொல்வது கணவன் கேட்கக்கூடிய உதவி அல்ல.

முகநூல் படத்தை அவர் விரும்பினால் போடுங்கள். அதை நன்றி என்று நான் எண்ண மாட்டேன். அடுத்த வாரம் என்ன வேண்டும் என்பதைச் சனிக்கிழமை மதியத்துக்குள் அளவோடு சொல்லிவிடுவது நன்றி. நீண்ட ஓட்டம் முடிந்து மதியம்வரை தூங்காமல், முக்கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து வெட்டிக் கொடுப்பது நன்றி. பாராட்டும்போது எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். "நேத்து ராத்திரி ரசமும் சோறும்தான், 25 வரைக்கும் வயிறு சத்தமே போடல" என்றால், அவர் செய்தது வேலை செய்தது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்களுக்குக் கிராம் கணக்கில் புரதம் எண்ணுகிறோம். அவர் தட்டில் மீன் துண்டு விழுகிறதா? நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர், கடைசியில் உட்கார்ந்து, மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிடும் வீடுகள் நம்மிடம் நிறைய. துண்டுகளை எண்ணி வாங்குங்கள், அவருடையதை முதலில் எடுத்து வையுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம். தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கீரையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். களைப்பு நீடித்தால் அவருக்கும் இரத்தப் பரிசோதனை.

நாசி லெமாக்கை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. ஓடி முடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் பசியாற அதைவிட நல்லது குறைவு: சோறு, முட்டை, நெத்திலி, உப்பு என்று உடம்பு கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. வருகிற ஞாயிறு செய்து தருவாரா என்று கேளுங்கள். செய்வதாகச் சொன்னால், சனி மாலையே பாண்டான் இலையும் நெத்திலியும் வாங்கி வந்து, நெத்திலித் தலைகளை நீங்களே கிள்ளி, கழுவி, உலர்த்தி வைத்துவிடுங்கள்.

அன்புடன்.